பெயர் மட்டும் உள்ள ஃபோல்டர்கள்

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் காலை ஏ ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தபோது கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினேன். அதில் இருந்த லினக்ஸ் மின்ட் பழசாகி, அப்டேட் வருவது நின்றுவிட்டது. அதை எடுத்துவிட்டு ஃபெடோரா என்ற வேறொன்றைப் போட்டேன். ஃபைல்களை முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்து, முடிந்ததும் அதே இடங்களில் திருப்பி வைத்தேன். ஒன்றும் விடவில்லை.

புதுத் திரை வேறு மாதிரி இருந்தது. கீழே இருந்த பட்டை இல்லை. மேலே மெல்லிய கறுப்புப் பட்டை, அதன் நடுவில் மணி. ஐகான் ஒன்றுகூட இல்லை. இந்த டெஸ்க்டாப்பில் அந்த வழக்கமே கிடையாது. ஃபைல்கள் உள்ளே இருக்கும், முகப்பில் தெரியாது. ஆய்வகத்தில் வகுப்பு முடிந்து துடைத்த மேசை மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது.

ஆனால் நாங்கள் பேசிக்கொள்வது அந்த முகப்பில்தான்.

கல்யாணமாகி எட்டு மாதம். ராஜ்கமல் என்று பெயர், நான் மாமா என்பேன், அவர் என்னை மொழி என்பார். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். வீடு செம்மண்டலத்தில். அவருக்கு மதியம் தொடங்கும் பி ஷிஃப்ட் என்றால், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார், திரும்பும்போது இருக்க மாட்டார். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முதல் மாதம் ஒருநாள் டெஸ்க்டாப்பில் ஒரு காலி ஃபோல்டர் இருந்தது. அதன் பெயர் ‘பால் வாங்கிட்டேன்’. நான் பக்கத்தில் இன்னொன்று போட்டேன்: ‘ரசம் இருக்கு’. பேப்பரில் எழுதியிருந்தால் கடிதம் ஆகியிருக்கும். இது வெறும் பெயர்தானே.

அப்படியே பழகிவிட்டது. இருவரும் வீட்டில் இருக்கும் வாரத்திலும், வாயால் சொல்லக் கூச்சமானதெல்லாம் ஃபோல்டருக்குத்தான் போகும். பேசி முடிந்ததை அழித்துவிடுவோம்.

நான் சிஸ்டம் மாற்றுவதற்கு ஒன்பது நாள் முன்பு அவர் போட்டிருந்த ஃபோல்டர் ‘குஜராத் போலாமா’. அங்கே தாஹேஜ் என்ற ஊரில் அவர்கள் கம்பெனிக்குப் புது பிளான்ட் வருகிறது. எனக்குப் போக விருப்பமில்லை. ‘வேண்டாம்’ என்று மட்டும் போட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். காரணம் சேர்த்தால் ஃபோல்டர் பெயரில் அடங்காது. ஒன்பது நாளும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஐகான்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு. அன்றே போட்டிருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தக் கேள்வி கண்ணில் படாதது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மாமா மூன்று மணிக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

“என்ன இது, மொழி? வீட்ட காலி பண்ண மாதிரி இருக்கு?”

“புதுசு மாமா. நல்லா இல்லியா?”

“நல்லாதான் இருக்கு.” கொஞ்ச நேரம் வெறும் திரையையே பார்த்தார். மவுஸ் இடது மூலைக்குப் போனது, எல்லாம் சுருங்கி உள்வாங்கியது. கையை எடுத்துக்கொண்டார். “நான் ஒண்ணும் பண்ணல.”

“மூலைக்குப் போனா அப்படித்தான். மறுபடி போங்க, சரியாயிடும்.”

“விண்டோவ கீழ இறக்கி வைக்கிற கோடு எங்க?”

“அது இல்ல. தேவைப்படாதுன்னு எடுத்துட்டாங்க.”

“அவுங்க ஒரு நேரத்துல ஒரு வேலதான் பாப்பாங்க போலருக்கு.”

ஃபோல்டர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க என் கை தானாகவே கீழ் மூலைக்குப் போய் மெனுவைத் தேடியது. அவர் எனக்கு முன்பே பழகிவிட்டார். கீபோர்டில் எந்தப் பட்டனைத் தட்டினால் எல்லாம் விரியும் என்று வியாழக்கிழமை எனக்கே காட்டிக்கொடுத்தார். நான் பள்ளியிலிருந்து வரும்போது டீ போட்டு வைத்திருந்தார். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. ஷிஃப்ட் அலுப்பு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை நவ்ஷாத் அண்ணன் வந்தார். மாமாவோடு வேலை செய்கிறவர், பரங்கிப்பேட்டைக்காரர். ஒரு பை நிறைய இறால் கொண்டுவந்திருந்தார். மாமா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, மச்சானுக்கு என்ன மந்திரம் போட்டீங்க?”

“என்னண்ணா?”

“ஒரு மாசமா குஜராத் குஜராத்துன்னு எங்க உசுர வாங்குனான். செவ்வாக்கிழம போயி வேணாம்னுட்டான். கேட்டா, வீட்ல பேச்சு முடிஞ்சுதுங்கறான்.”

“நான் ஒண்ணும் சொல்லலியேண்ணா.”

“சொல்லாமலே சாதிக்கிறவங்ககிட்டதான் ஜாஸ்தி பயப்படணும்,” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

இறாலை உரிக்க உட்கார்ந்தேன். நாலைந்து உரித்த பிறகுதான் புரிந்தது. பேசி முடிந்ததை அழிப்போம். மாமா பார்த்தது எல்லாம் அழிந்த திரை.

நான் நினைத்தது வாயைத் திறக்காமலே நடந்துவிட்டது. இனி நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாத ஆசையை இரண்டே நாளில் விட்டுவிட்டு, ஏன் என்று கேட்காமல் எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரைக் கம்ப்யூட்டர் முன் கூப்பிட்டேன். ஃபைல்கள் இருக்கும் ஹோமுக்குள் போய் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரைத் திறந்தேன். எல்லாம் வரிசையாக இருந்தன.

“அழிக்கலியா நீ?”

“இல்ல மாமா. உள்ளதான் இருக்கு. இந்த சிஸ்டம் வெளிய காட்டாது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப நீ வேணாம்னு சொல்லல.”

“சொல்லல. ஆனா எனக்கு வேணாம்தான்.”

“அப்பறம் என்ன, ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல. நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலியே.”

“தொடச்சி வச்சிருக்கியே, அந்தப் பேச்சே புடிக்கல போலன்னு விட்டுட்டேன்.”

“புடிக்காம இல்ல. பயம். ஸ்கூல் பசங்களுக்கு மார்ச்சுல பரீட்சை. எனக்கு ஹிந்தி தெரியாது. நீங்க ஷிஃப்ட் போயிட்டா அங்க நான் யார்கிட்ட பேசுவேன்?”

“இங்க மட்டும் ஊரெல்லாம் கூட்டி வச்சிப் பேசற.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

“உங்களுக்குப் போகணுமா மாமா?”

“போகணும். இங்க வால்வுதான் திருகிட்டிருக்கேன். அங்க கன்ட்ரோல் ரூம். மொத்த பிளான்ட்டும் ஸ்க்ரீன்ல தெரியும், மொழி.” திரையைக் காட்டி விரலால் குழாய்களும் தொட்டிகளும் வரைந்தார். இத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“பேர் குடுக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க,” என்றேன். உடனே போனை எடுத்து அவர்கள் மேனேஜர் கண்ணாயிரம் சாரை அழைத்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“வேணாம்னியேப்பா?”

“வீட்ல சிஸ்டம் மாத்துனாங்க சார். அதுல ஒரு குழப்பமாயிடுச்சு.”

“என்ன சிஸ்டம்?”

“அத விடுங்க சார். பேர் குடுக்க இன்னும் டைம் இருக்கா?”

“திங்கக்கிழம வரைக்கும் இருக்கு. நீ நாளைக்கு மறுபடி மாத்துவ. வீட்ல குடு, அவுங்களே சொல்லட்டும்.”

மாமா போனை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று கையாட்டினேன். அவர் நீட்டியபடியே இருந்தார். வாங்கிக்கொண்டேன்.

“சார், எனக்கு ஏப்ரல் வரைக்கும் ஸ்கூல் இருக்கு. இவரு முன்னாடி போகட்டும். நான் மே மாசம் வந்து பாக்கறேன். புடிச்சிருந்தா இருப்பேன்.”

“புடிக்கலன்னா?”

“அதையும் சொல்லுவேன் சார்.”