நடுவிரல் மை

டர்பன்டைனில் நனைத்த துணியால் அக்காவின் நடுவிரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் தம்பி. உயிர் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பேனா பதியும் இடத்தில் நாற்பது வருடக் கறுப்பு மை. லேசில் போகுமா?

"விடுங்களேன். தோலு உரிஞ்சிடப் போகுது," என்றாள் மனைவி.

"ஆளுங்க வர்ற நேரம். பாத்தா என்ன நினைப்பாங்க?"

"உள்ளதைத்தான் நினைப்பாங்க."

தம்பி இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

அறுபது வயதில் வீட்டுக்குத்தான் அவர் தம்பி. வெளியே 'அட்லஸ்காரர்'. பள்ளிக்கூடப் பைகளில் எல்லாம் அவர் பெயர் போட்ட அட்லஸ். முதல் பதினாறு பக்கம், உலகப்படம் வரைந்தவர்களின் வரலாறு. களிமண் பலகையில் கீறியவர்கள், கப்பலேறிக் கரையை அளந்தவர்கள், செப்புத் தகட்டில் மலைகளைச் செதுக்கியே கண் மங்கியவர்கள். கடைசியில், கையில் பேனாவோடு இவர் புகைப்படம்.

அந்தப் பேனா அக்காவிடம் இரவல் வாங்கியது. "சீக்கிரம் குடுடா, வரையற ஆறு பாதியில நிக்குது," என்றாள் அன்றைக்கு. அவ்வளவுதான். வேறு எதையும் அவள் திருப்பிக் கேட்டதில்லை.

கைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள், கையால் பொத்திக்கொண்டாள்.

"பத்திரிகை ஆபீஸ். உங்க அக்கா என்ன வேலை பாத்தாங்கன்னு கேக்கறாங்க."

"வீட்டோட இருந்தாங்கன்னு சொல்லு."

"என் வாயால வராது. நீங்களே சொல்லுங்க."

வாங்கினார். "வீட்டோடதாங்க இருந்தாங்க." குரல் பிசிறவே இல்லை. பழகிய பொய்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். அக்காவின் கையைப் போர்வைக்குள் வைத்து, துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தார். வந்தவர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். அக்காவின் காலடியில் மாலையை வைத்துக் கும்பிட்டார். திரும்பித் தம்பியின் கையைப் பிடித்தார். பிடித்தவர், குனிந்து பார்த்தார்.

தம்பியின் விரல்களில் கறுப்பு மை.

"அக்கா இப்படிக் கிடக்கறப்பகூட வரைஞ்சுட்டா சார் இருந்தீங்க!" வாத்தியாரின் கண் நிறைந்தது. "எத்தனை பசங்களுக்கு உலகத்தைக் காட்டின விரல் இது!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மனைவி தலை நிமிர்ந்தாள்.

"அது வந்து சார்..." என்றார் தம்பி.

"சொல்லுங்க சார்."

"உக்காருங்க."

கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

மனைவி குனிந்து, போர்வைக்குள்ளிருந்து அக்காவின் வலது கையை எடுத்து, வாத்தியார் பார்க்கும்படி மார்பின் மேல் வைத்தாள்.

விரல் சுத்தமாக இருந்தது.