சந்தனப் பொட்டு வைத்த ராடு

வங்காளத்தில், டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள சந்தில், வியாயாம சமிதி என்ற உடற்பயிற்சிக் கிளப்பின் ஒற்றை அறைக் கட்டடம் ஒரே வருஷத்தில் இரண்டு செங்கல் உயரம் மேலே எழுந்தது. சுவர், கூரை, கேரம் போர்டு எல்லாவற்றோடும் மொத்தமாக எழுந்தது. காரணம் ஐம்பத்திரண்டு வயது ஜலஜா. அவள் தூக்க நினைத்தது கட்டடத்தை இல்லை. அதைத்தான் வருஷம் முழுக்க எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அவளுடைய எண்ணமெல்லாம் ஒன்றுதான். அதற்கு முந்தின வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பாங்கில் ரிடையராகி இடுப்பு வலியோடு காலம் தள்ளும் கணவர் சிவராம் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், தானும் விழப்போனார். கடைசியில் சமிதியின் செயலாளர் நந்து-தா மூன்று பேரோடு வந்தார். நால்வரும் அவளைப் பெட்ஷீட்டில் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, “ஆஸ்தே, ஆஸ்தே”, மெதுவா மெதுவா என்று பந்தல் சாமானை நகர்த்துவதுபோல் ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஈர நைட்டியோடு கிடந்த ஜலஜாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. மறுநாள் காபி கலக்கும்போது சிவராமிடம் சொன்னாள்: “இனிமே என்னை யாரும் தூக்கப்படாது. என்னை நானே தூக்கிப்பேன்.”

அவள் எடை அறுபத்தைந்து கிலோ. அதே எடையைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கிக் காட்டுவது என்று முடிவு செய்து சமிதியில் சேர்ந்தாள். “பௌதி, ஏய் பொயோஷே?” என்றார் நந்து-தா. அண்ணி, இந்த வயசிலா என்று அர்த்தம். “முட்டி தேஞ்சு நிக்கப்போறே” என்றார் சிவராம். சால்ட் லேக்கில் வேலை பார்க்கும் மகள் ஸ்னேகா மட்டும் செல்போனில் வீடியோக்கள் அனுப்பினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று ஜலஜா முதலில் துடைப்பக் கட்டையில் குனிந்து நிமிரப் பழகினாள், பிறகு எடை மாட்டாத வெறும் இரும்பு ராடு, பிறகு அதன் முனைகளில் சின்ன எடைப் பிளேட்டுகள். ஒவ்வொரு பிளேட்டு கூடும்போதும் சந்தில் யாராவது ஒருவர் கர்ப்பப்பையைப் பற்றிக் கவலைப்பட்டார். பூஜைக் காலம் வருவதற்குள் அறுபது கிலோ வந்துவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது இப்படித்தான். வங்காளிகளுக்குக் கருவிகளுக்கான பூஜை விஸ்வகர்மா பூஜையோடு முடிந்துவிடும். சமிதியின் ராடுக்கும் அன்றே ஊதுபத்தி காட்டியாயிற்று. ஆனால் நம்மூர் வழக்கப்படி ஆயுத பூஜை செய்யாமலிருக்க ஜலஜாவுக்கு மனம் ஒப்பவில்லை. நவமியன்று ராடில் அறுபத்தைந்து கிலோ கணக்காகப் பிளேட்டுகளை மாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் சுண்டலும் நைவேத்தியம் செய்தாள். விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து, கருவியை எடுத்துக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும் என்பது அவள் வீட்டு வழக்கம். அன்றைக்கே தூக்கிவிடுவது என்றும் திட்டம். ஆனால் தசமி காலையில் சமிதியின் கதவுவரை பந்தலின் மூங்கில் கிடந்தது, வாசலில் பெண்கள் சிந்தூர் பூசிக்கொண்டிருந்தார்கள், நந்து-தா நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்குத்தானே என்று ஜலஜாவும் திரும்பிவிட்டாள். மறுநாள் ராடு எழவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, யாருக்கும் எழவில்லை, பிளேட்டும் கழலவில்லை. லேக் மார்க்கெட் சாஸ்திரிகளைக் கேட்டதில், பூஜையில் வைத்ததை எடுக்காமல் விட்டால் அடுத்த தசமிவரை அது பூஜையில்தான் இருக்கும் என்றார்.

ஜலஜாவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சமிதியில் இருந்ததே ஒரு ராடுதான். கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று தினமும் போய் அதைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை காய்த்தது, தோள் திரண்டது, ராடு மட்டும் பூமியில் வேர்விட்டதுபோல் கிடந்தது. சில நாள் அதை உதைத்துவிட்டு, உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குளிர் முடிவதற்குள் சமிதி வாசலில் படியாக ஒரு செங்கல் போட வேண்டியிருந்தது, சித்திரையில் இன்னொன்று. ராடு தரையை விடவில்லை, அதனால் தரை ராடோடு வந்துவிட்டது. மழைக்காலத்தில் சந்தின் எல்லா வீட்டிலும் வழக்கம்போல் தண்ணீர் புகுந்தது, சமிதிக்குள் மட்டும் புகவில்லை. ஜனங்கள் அரிசி மூட்டைகளையும் டிவிகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஜலஜாவுக்கு ரசகுல்லா கொடுத்தார்கள். “எனக்கு ரசகுல்லா வேண்டாம், ராடுதான் எழணும்” என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த விஜயதசமி வந்தது. மறுபூஜை செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நந்து-தா வீட்டுக்கே வந்தார். ராடு விட்டால் கட்டடம் இறங்கிவிடும் என்பது அவர் கவலை. சிவராமும் கூடச் சேர்ந்துகொண்டார்: “ஊருக்கு நல்லதுன்னா விட்டுடேன்.” ஜலஜா சுண்டல் பாத்திரத்தைக் கையில் எடுத்தபடியே சொன்னாள்: “இத்தனை நாள் கிளப்பைத் தூக்கினது போறும். நான் என்னைத் தூக்கணும்.” அவள் கற்பூரம் காட்டி, குனிந்து, ராடைப் பிடித்தாள். அறுபத்தைந்து கிலோவும் சத்தமில்லாமல் இடுப்புவரை வந்தது. வெகுநேரம் நின்றவர் உட்காருவதுபோல் கட்டடமும் மெல்ல இறங்கியது. ராடைக் கீழே வைக்க மனமில்லாமல் ஜலஜா அப்படியே நின்று அழுதாள். வாசல் செங்கற்களை ஒருவர் துளசித் தொட்டிக்கு எடுத்துப் போனார்.

காளி பூஜைக்கு முன்னால் ஒரு புயல் மழை. சமிதிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஜலஜாவைத் திட்டிக்கொண்டே கேரம் போர்டைக் காப்பாற்றப் போன நந்து-தா வழுக்கி விழுந்தார், எழ முடியவில்லை. ஆட்கள் வருவதற்குள் ஜலஜா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, அவர் அக்குளுக்கடியில் கைகொடுத்து, முதுகை நேராக வைத்துத் தூக்கி, பெஞ்சில் உட்கார வைத்தாள். “எழுபது கிலோ இருப்பேள்” என்றாள். எழுபத்திரண்டு என்றார் அவர். பெட்ஷீட்டோடு ஓடிவந்தவர்கள் அதை நனையாமல் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.