சம்பந்தி வீட்டு ஜன்னல்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். அதனால் முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். என் சம்பந்தி மலர்விழி மேல் எனக்குப் பொறாமைதான். அவள் டீச்சர் வேலைக்காக இல்லை, மாடி வீட்டுக்காகவும் இல்லை. என் மகன் அவள் வீட்டில் போய்த் தூங்குகிறான், அதற்காக.

இளமாறனும் மருமகள் சுபஸ்ரீயும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் ஊருக்கு வந்து, இங்கிருந்தே வேலை செய்வார்கள். பெற்றவள் சங்கராபுரத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கிடைப்பது ஒரு நாள். மீதி ஒன்பது நாளும் கள்ளக்குறிச்சியில், மாமியார் வீட்டில்.

"நம்ம வூடு மெயின் ரோட்டு மேல இருக்குதும்மா. போன்ல பேசவும் முடியல, தூங்கவும் முடியல. அனல் வேற அடிக்குது," என்பான்.

சத்தம் பொய்யில்லை. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசையாக எங்கள் வாசலைக் கடக்கும். ஒவ்வொருத்தனும் இரண்டு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு அலறவிடுவான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வரும் லாரி வேகத்தடையில் ஏறி இறங்கினால் எங்கள் பீரோ கதவு தானாகத் திறந்துகொள்ளும். என் வீட்டுக்காரர் வேடியப்பன் முப்பது வருஷம் கரும்பு டிராக்டர் ஓட்டியவர், அவருக்கு இதெல்லாம் தாலாட்டு. இளமாறனையும் இதே சத்தத்தில்தான் வளர்த்தேன். அப்போதெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். மாமியார் வீடு என்று ஒன்று வந்ததும் பிள்ளையின் காது மென்மையாகிவிட்டது. எல்லாம் மருமகள் ஓதுகிற வேலை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது எரிகிற நெருப்பில் எண்ணெயையும் ஊற்றினான்.

"அங்க டபுள் கிளாஸ் ஜன்னல்மா. சாத்திட்டா பஸ்சு போறதே தெரியாது. வெயிலும் உள்ள வர்றதில்ல. அத்தை பாத்துப் பாத்துப் போட்டிருக்காங்க."

அத்தை என்று சொல்லும்போது அந்தக் குரலில் எத்தனை தேன்! அவர்கள் கிளம்பிய மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் கவுஸ் பாஷாவின் கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"பாய், ரோட்டுப் பக்கம் ரெண்டு ஜன்னலு. கள்ளக்குறிச்சியில என் சம்பந்தி வூட்டுல போட்டிருக்காங்களே, அதுக்கு மேல ஒண்ணு போடணும்."

"அவங்க இன்னா போட்டிருக்காங்கன்னே தெரியாம அதுக்கு மேலன்னா எப்டிக்கா?" என்றார் பாய். "சத்தம் வேற, சூடு வேற. மொதல்ல, ரெண்டுல எது ஒங்களுக்கு ஜாஸ்தின்னு சொல்லுங்க."

"ரெண்டும்தான். அதெல்லாம் அப்பறம். அவங்களுது இன்னான்னு எப்டிக் கண்டுபிடிக்கறது?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, மேஜை மேல் நிறுத்தியிருந்த கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். "ஒத்தக் கண்ணாடின்னா உள்ள ரெண்டு சுடர் தெரியும், பாருங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்து அடைச்சிருந்தா நாலு தெரியும். அவ்ளோதான்."

அடுத்தவர் வீட்டு ஜன்னல் முன்னால் போய்த் தீக்குச்சி கொளுத்தினால் என்ன நினைப்பார்கள்? யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் சூடத்தோடும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

மலர்விழி பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "வாங்க சம்பந்தி" என்று காபி கொடுத்தாள். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. அவள் எதையுமே கேட்க மாட்டாள், அதுவும் ஒரு திமிர் என்று எனக்குத் தோன்றும்.

"வூடு லட்சணமா இருக்குதுங்க. ஊரு கண்ணு பட்டிருக்கும். ஒரு சூடம் சுத்திப் போட்டுட்டுப் போறேன்," என்றேன்.

கண் வைத்தவளே திருஷ்டி கழிப்பதைக் கடவுள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, தட்டோடு, மகனும் மருமகளும் படுக்கும் அறைக்குள் நுழைந்தேன். ஜன்னலுக்கு முன் தட்டை நீட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன். நாலேதான். கட்டிலில் என் மகனின் கைலி மடித்து வைத்திருந்தது. அவன் கைலியை நான்கூட இவ்வளவு நேர்த்தியாக மடித்ததில்லை. தட்டு சூடேறி விரலைச் சுட்டபோதுதான் சுயநினைவு வந்தது.

"நல்லதுங்க சம்பந்தி," என்றாள் மலர்விழி.

மறுநாள் பாய் கடையில், "நாலு," என்றேன்.

"நாலுன்னா காத்து வெச்ச ரெட்டைக் கண்ணாடி. அது சூட்டுக்கு நல்லா கேக்கும். ஆனா ரெண்டும் ஒரே தடிமனா இருந்தா ரோட்டு சத்தம் கொஞ்சம் வரும்க்கா. நீங்க ஒண்ணு தடியா, ஒண்ணு மெலிசா போடுங்க. மெலிசு இருக்கற பக்கம் ரெண்டு கண்ணாடிய நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஏடு வெச்சு ஒட்டினதா வாங்குங்க. அந்த ஏடுதான் சத்தத்த முழுங்கும். ஒங்களுது மேற்கு பாத்த ஜன்னலு, வெளிப்பக்கத்துக் கண்ணாடியில வெயில திருப்பி அனுப்பற பூச்சும் வேணும்."

"அவங்களுதுல அந்த ஏடு இருக்குமா?"

"கரும்பு டிராக்டரு போவாத தெருவுக்கு அது தேவப்படாதுக்கா."

"அப்ப அதையே போடுங்க."

"கண்ணாடி மட்டும் போட்டா போதாது. ஒங்க பழைய மரச் சட்டத்துல எறும்பு போற சந்து இருக்கும். எறும்பு போனா சத்தமும் போவும். சட்டத்த மாத்தி, சுத்தி ரப்பர் போட்டு இறுக்கணும்."

சீட்டுப் பணத்தை எடுத்து மாசி மாதம் வேலையை முடித்தேன். கடைசி ரப்பரை அழுத்திவிட்டு ஆட்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். வெளியே கரும்பு டிராக்டர் போனது. அதன் ஸ்பீக்கர் ஆடுவது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை. எனக்கு மலர்விழியின் முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. வேடியப்பன்தான் இரண்டு நாள் புரண்டு பார்த்துவிட்டு, கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "செத்த வூடு மாதிரி இருக்குது நிர்மலா" என்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் பிள்ளைகள் வந்தார்கள். சுபஸ்ரீ அறைக்குள் போய், ஜன்னலைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தாள்.

"அத்தை, எங்க வூட்ட விட இது சூப்பரா இருக்கு!"

அவள் வாயால் அதைக் கேட்டதில் போட்ட காசு வந்துவிட்டது. இளமாறன் மட்டும் கண்ணாடியை ஒரு விரலால் தட்டிவிட்டு, "எதுக்கும்மா இவ்ளோ செலவு?" என்றான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினேன்.

"அங்க கோழி எடுத்தா இந்த ருசி வருமா?"

"ம்."

"போன தடவ வந்தப்ப இன்னா போட்டாங்க? எத்தினி நாளு கறி எடுத்தாங்க?"

"ஞாபகம் இல்லம்மா."

"ஒங்க மாமியா பக்கத்துல உக்காந்து போடுவாங்களா, இல்ல நீயே போட்டுக்கணுமா? என்னப் பத்தி எதனா கேட்டாங்களா? ஏன், அதுக்குள்ள எழுந்துட்ட? அங்க மட்டும் மூணு தடவ வாங்கித் தின்பியாமே, சுபா சொன்னா."

கை கழுவிவிட்டு அறைக்குள் போய்விட்டான். கதவு சாத்திக்கொண்டது. நான் சமையலறையில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் அந்த அறையில் கத்தினால்கூட சமையலறைக்குக் கேட்காது. ரோடு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இப்போது ரோடே இல்லை. பலகைக் கதவுக்குப் பின்னால் சுபஸ்ரீ வளையல் கழற்றி வைப்பதுகூடக் கேட்டது. பிறகு அவர்கள் பேசுவது கேட்டது.

"சாயந்திரமே கெளம்பலாம்," என்றான் என் மகன்.

"ஏன்? இங்கயே இருக்கலாமே. அத்தை எவ்ளோ ஆசையா ஜன்னல் போட்டிருக்காங்க. எனக்கு இங்க நல்லா வேல ஓடும்."

"ஒனக்குத் தெரியாது. லாரி சத்தம்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல. பொறந்ததுலேர்ந்து அதுலதான் தூங்கியிருக்கறேன். அம்மா கேக்கறதுதான் தாங்க முடியல. அங்க இன்னா தின்ன, எத்தினி தின்ன, யாரு போட்டாங்க. ஒங்கம்மா தட்டுல சோத்த வெச்சிட்டு அவங்க வேலயப் பாக்கப் போயிடுவாங்க. இங்க ஒரு வாய் வெக்கறதுக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்த மாதிரி இருக்குது."

"அத அவங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"எப்டி சொல்றது? அழுவாங்க. அதான் ரோட்டு மேல பழியப் போட்டுக்கினு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு. வேற இன்னா சொல்லலாம்னு பாக்கறேன்."

கையில் பிடித்த குண்டான் அப்படியே நின்றது. முதலில் எனக்கு வந்தது கோபம். தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் போவதற்குப் பெயர் பாசமா? அந்த நேரத்திலும் பாழாய்ப் போன பொறாமைதான் முந்திக்கொண்டது. அதற்குப் பின்னால்தான் அவமானம் வந்தது. மருமகளை இத்தனை நாள் எந்த வாயால் திட்டினேனோ அந்த வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம் போல இருந்தது. என் பிள்ளை ஓடியது லாரிக்குப் பயந்து இல்லை. அழுகை வந்தது. அழுதால் அந்த அறைக்குக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு குண்டானைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தேன்.

நாலு மணிக்கு இளமாறன் பையோடு வெளியே வந்தான். போனைத் தூக்கிக் காட்டினான்.

"டவரே எடுக்கலம்மா. இந்தக் கண்ணாடியில பூச்சு இருக்குது இல்ல, அது தடுக்குது. ஆபீஸ் வேல இருக்குது, அங்க போயிடறோம்."

சொல்லிவிட்டு நின்றான். என்றைக்கு வருவ, அங்கே மட்டும் டவர் எடுக்குதா, ராத்திரி சாப்பாட்டுக்கு அவங்ககிட்ட சொல்லிட்டியா என்று நான் ஆரம்பிப்பேன் என அவனுக்குத் தெரியும். பதில்களோடுதான் நின்றிருப்பான்.

"சரிப்பா," என்றேன். "பாத்துப் போங்க."

சுபஸ்ரீ என் முகத்தைப் பார்த்தாள். இளமாறன் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வண்டியைக் கிளப்பினான்.

வழக்கமாக ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்வேன். மூன்று நாள் செய்யவில்லை. முதல் நாள் போனை அரிசிப் பானைக்குள் வைத்தேன். இரண்டாம் நாள் எடுத்து, மலர்விழியின் நம்பர் வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து வேடியப்பன் மாத்திரை வாங்கி வந்தார். நாலாம் நாள் மதியம் இளமாறனே கூப்பிட்டான்.

"இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"போனே பண்ணல."

"வேல இருந்துது."

அவன் காத்திருந்தான். கேள்விகள் எல்லாம் தொண்டைக்கு வந்து ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளின. ஒன்றையும் விடவில்லை.

"இன்னிக்கு கத்திரிக்கா கொழம்பும்மா," என்றான் அவனாகவே. கொஞ்சம் நிறுத்தி, "உப்பு ஜாஸ்தி," என்றான்.

வயிற்றில் பால் வார்த்தான். கல்யாணமான பிறகு, நான் கேட்காமல் என் பிள்ளை எனக்குச் சொன்ன முதல் சேதி. யார் வைத்த குழம்பு என்று கேட்க நாக்கு துடியாய்த் துடித்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.