மணி சுட்டது

"ஆர் அண்ணை உந்த மணி?"

அமிர்தநாதர் வாசிக்க வைத்திருந்த தாளை ஏஞ்சலா பறித்துவிட்டாள். ஸ்காபுறோ மலர்ச்சாலையில், சவப்பெட்டிக்குள் கிடந்த அவளுடைய மனுசன் கிளிபோட்டைப் பார்க்கச் சனம் வரிசையில் நின்றது. இன்னும் பத்து நிமிசத்தில் செத்தவரின் அண்ணன்காரரான அமிர்தநாதர் மைக்கில் பேசவேண்டும்.

"எந்த மணி?"

"நீங்கள் எழுதின மணி. 'இராணுவ முகாமில் மணி என்ற கொடியவன் சுட்ட தழும்புகளை என் தம்பி சாகும்வரை கைகளில் சுமந்தான்.' ஆர் அவன்?"

"தம்பிதான் பிள்ளை சொன்னவன். நான் கனடா வந்த புதிசிலை கையைப் பார்த்திட்டுக் கேட்டன். 'மணி சுட்டது' எண்டான். சொல்லிப்போட்டுச் சிரிச்சான். தாங்கேலாத சிரிப்பு."

"அது பகிடிச் சிரிப்பு. மணி எண்டது மணிதான் அண்ணை. கோர்க்கிற மணி. செபமாலை மணி."

அமிர்தநாதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மிலான் கிழவன்ரை மணிப் பட்டறையிலை இருபத்தாறு வருசம் அவர் என்ன செய்தவர் எண்டு நினைச்சியள்?"

"கண்ணாடிக் கொம்பனி எண்டுதானே..."

"அந்தக் கிழவன் செக் நாட்டிலையிருந்து தகப்பன்ரை அச்சுகளைக் கப்பலிலை கொண்டுவந்தவன். கண்ணாடிக் குச்சியைச் சூளைக்குள்ளை பிடிக்கவேணும். தேனாய் இளகி விழப்போற நேரம் எடுத்து, அச்சுக் குறட்டுக்கை வைச்சு நசுக்கவேணும். முந்தினால் வெடிக்கும், பிந்தினால் வழியும். நசுக்கேக்கை தெறிக்கும். கையுறை போட்டால் இளக்கம் பிடிபடாது எண்டு கிழவனும் போடான், இவரும் போடார்."

"அப்ப முகாமிலை?"

"முகாமிலை அடி விழுந்தது முதுகிலை. அதை எழுதுங்கோ. இந்தக் கையிலை ஆமியைக் கொண்டுவந்து வையாதேங்கோ."

"நேற்று றேடியோவிலையும் சொல்லிப்போட்டன். சனம் தழும்பைத் தொட்டுத் தொட்டு அழுகுது. இப்ப போய்ப் பாசிமணி எண்டால் சிரிக்கும்."

"அவரும் சிரிச்சவர்தானே."

"உனக்கு இப்ப மனம் சரியில்லைப் பிள்ளை. போய் இரு."

போய் இரு. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பம் அவளுக்குச் சொன்னது அதைத்தான். ஏஞ்சலா கறுப்புச் சட்டையின் கைப் பொத்தானைக் கழற்றினாள். முழங்கை வரை சுருட்டினாள். பெட்டிக்குள் எட்டி, கிளிபோட்டின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். மணிக்கட்டுக்கு மேலே, குறுணல் சிந்தினமாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவருடையதைப் போலவே.

"நீயும் அங்கையோ வேலை செய்தனி?" அமிர்தநாதரின் குரல் இறங்கிவிட்டது.

"ஒன்பது வருசம். பக்கத்துச் சூளை. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. என்னை எந்த மணி சுட்டவன் அண்ணை, அதையும் எழுதுங்கோவன்."

"கையை மூடு. சனம் பார்க்குது."

"பார்க்கட்டும்."

வரிசை நகரவில்லை. முன்னால் நின்ற கிழவி, தழும்பைத் தொட நீட்டிய விரல்களோடு, இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.