நீந்துகிற நச்சு

செங்கம் சாலையில் முருகவேல் நடத்தும் கஃபேயில் எதையும் வேகவைப்பதில்லை. அடுப்பு உயிராற்றலைக் கொன்றுவிடும் என்பது அவர் கொள்கை. வேலூரில் பதினான்கு வருடம் இன்ஷூரன்ஸ் விற்றவர். அங்கே மரண பயம் போணியானது, இங்கே ஆயுள் போணியாகிறது. தினமும் காலையில் பாலக்கீரையைப் பச்சையாக அரைத்து, செம்புக் குடத்துத் தண்ணீர் கலந்து, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவார். வந்த கீரையைக் கடையில் மறுபடி கழுவக் கூடாது. மண்ணின் அதிர்வு போய்விடுமாம்.

குடித்தவர்களில் சிலருக்கு வயிறு போகும். ஒரு ஜெர்மன்காரர் நான்கு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. முருகவேல் நேரிலேயே போய் வாழ்த்தினார். உடம்பின் நச்சு வெளியேறுகிறது, கொடுத்து வைத்தவர் என்றார்.

கடை திறந்த ஐந்தாம் மாதம் அந்தப் பாக்கியம் அவருக்கே கிட்டியது. பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள், தெரிந்த முகம் எதிர்ப்படாத நேரமாகப் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். லேப் டெக்னீஷியன் கீர்த்தனா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. நச்சு வெளியேறுகிறது, அவ்வளவுதானே என்று முருகவேல் கேட்டார்.

“நச்சுதான் சார். ஆனா வால் இருக்குது, நீந்துது. நீங்களே வந்து பாருங்க.”

பார்த்தார். தன் கொள்கை உயிரோடு துள்ளுவதை அதுவரை அவர் பார்த்ததில்லை.

அது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, மலம் கலந்த தண்ணீரிலும் அதில் நனைந்த பச்சைக் காய்கறியிலும் வரும் என்று அவள் விளக்கினாள். கீரை ஒரு கட்டைக் கொண்டுவரச் சொல்லி அலசி, அந்தத் தண்ணீரின் அடியில் தங்கியதைப் பார்த்தாள். குடல்புழு முட்டைகளும் இருந்தன.

கீரை கொடுப்பவர் அடி அண்ணாமலை கிராமத்து வெள்ளையம்மாள். உள்ளூர்க்காரர்கள் கேட்பது முளைக்கீரையும் சிறுகீரையும்தான். பதினைந்து சென்ட் முழுக்க அவர் பாலக் போட்டிருப்பது இந்தக் கஃபே ஒன்றை நம்பித்தான். மறுநாள் காலை இருபது கட்டோடு மொபெட்டில் வந்து நின்றவரை முருகவேல் வாசலிலேயே மறித்தார். இனி வேண்டாம், வாடிக்கையாளர் ஆரோக்கியம் தன் பொறுப்பு என்றார். பொறுப்பு முந்தின நாள்தான் வந்திருந்தது. கடைத் தண்ணீரையும் பார்க்க வந்திருந்த கீர்த்தனா பக்கத்தில் நின்றாள்.

“மொதல்ல போர்த் தண்ணியிலதான தம்பி அலசிக் குடுத்தேன்?” என்றார் வெள்ளையம்மாள். “உப்புத் தண்ணி, எலையில வெள்ள வெள்ளையா படிஞ்சிச்சு. கடைக்கு எடுக்கற போட்டோல சாம்பல் தெளிச்ச மாதிரி இருக்குதுன்னு நீங்கதான் திருப்பி அனுப்சீங்க. அப்பறம்தான் குட்டையில முக்குனேன். பளபளன்னு இருந்துச்சு. வாங்கிக்கினீங்க.”

குட்டை கிரிவலப் பாதையை ஒட்டியது. பௌர்ணமிக்கு மலையைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றப் பொறுமை உள்ளவர்களில் சிலருக்குக் கழிப்பறை வரிசையில் நிற்கப் பொறுமை கிடையாது. கரையில் ஒதுங்குவார்கள். மீதியை மழை பார்த்துக்கொள்ளும்.

முருகவேல் செம்புக் குடத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.

“குடம் அழகா இருக்குது சார். தண்ணிய கொதிக்க வெச்சு அதுல ஊத்துங்க,” என்றாள் கீர்த்தனா. “அம்மா, நீங்க போர்லயே அலசுங்க. இங்க இன்னொரு வாட்டி அலசட்டும். அலசுனா கம்மியாவும், முழுசா போவாது. வெந்தாத்தான் சாவும்.” குட்டையில் நின்றவர் என்பதால் வெள்ளையம்மாளும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளையம்மாளின் கீரை மூன்று நாள் மாட்டுக்குப் போனது. நான்காம் நாள் கஃபேக்கு அடுப்பு வந்தது. கூடவே பலகையும்: ‘அக்னி தீண்டிய கீரை அமுதம்’. பாசிப்பருப்பு, பூண்டு போட்ட சாதாரணக் கடைசல்தான். முருகவேல் போனில் கேட்டபடி வெள்ளையம்மாள் இருபது கட்டு கொண்டுவந்தார். இலையில் உப்புப் பூத்திருந்தது. முருகவேல் திருப்பி அனுப்பாமல் வாங்கி அலசப் போட்டார். ஜெர்மன்காரர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மலை சுற்றவும் போனார்.

முதல் நாள் பத்து மணிக்கே சட்டி காலி. இருபது கட்டு இப்படி ஒரு சட்டிக்குள் அடங்கிப்போனது எப்படி என்று முருகவேல் போனில் குழம்பினார்.

“வெந்தா சுருங்கத்தான் செய்யும் தம்பி. நாளைக்கு நாப்பதா?”

ஐம்பது என்றார்.

பதினைந்து சென்ட் பத்தாது. வெள்ளையம்மாள் போனை வைத்துவிட்டு, பக்கத்துக் கொல்லை நிலத்தைக் குத்தகைக்குக் கேட்க அதன் சொந்தக்காரர் வேணு வீட்டுக்கு நடந்தார்.