இருபத்தைந்தாவது நிமிடம்

க்ரோனிங்கன் நகரில் கால்வாயை ஒட்டிய ஒரு வீட்டின் இரண்டாம் மாடியை ஃபென்னாவும் நானும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். இருவருக்கும் ஒரே தொழில்தான். அவள் அறைக்குள் ஆளோடு இருக்கும்போது நான் சமையலறையில் இருப்பேன். நான் உள்ளே போனால் அவள் இருப்பாள்.

அரை மணி நேரம் என்றால் குளிப்பதும் உடுத்துவதும் அதற்குள் அடக்கம். முன்னதாக வந்து தெருவில் நிற்கக் கூடாது. குடித்துவிட்டு வரக் கூடாது. இவற்றை ஃபோனிலேயே சொல்லிவிடுவோம். சொல்லாதது ஒன்று உண்டு. சாவி கொடுத்து வைத்த கடிகாரம் இருபத்தைந்தாவது நிமிடம் மணியடித்ததும், வெளியே இருப்பவள் போய்க் கதவை இரண்டு முறை தட்டுவாள். உள்ளே இருப்பவள் "காபி போடு" என்று குரல் கொடுக்க வேண்டும். நேரம் முடிகிறது என்று வந்தவன் எடுத்துக்கொள்வான். எங்களுக்கோ, உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். குரல் வராவிட்டால் மாற்றுச் சாவியோடு உள்ளே நுழைந்துவிட வேண்டும்.

மைன்டர்ட் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வருபவர், ஃபென்னாவிடம் மட்டும். ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைப்பார். துடைத்த துண்டை நாலாக மடிப்பார். எனக்கும் சேர்த்து உப்பு மிட்டாய் வாங்கி வருவார். நாலாவது மாதம் ஒருநாள் சமையலறை வாசலில் தயங்கி நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க கதவைத் தட்டுறது, பரீட்சைப் பேப்பரைப் பிடுங்குற மாதிரி இருக்கு. நான் என்னைக்காவது லேட் பண்ணியிருக்கேனா?"

ஒரு நாளும் இல்லை.

அவர் போனதும், "வேணாம்டீ, எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றேன்.

"போடீ, போலீஸ்காரி! நேத்து வந்த தடியன் சாக்ஸைக்கூடக் கழட்டல. இவர் துண்டு மடிச்சு வெக்கிறார். மரியாதை தெரிஞ்ச ஒருத்தருக்காவது நாம மரியாதை குடுக்க வேணாமா? தட்டியே ஆகணும்னா நீயே அவரைக் கட்டிக்கிட்டு, வீட்டுல தெனமும் தட்டு."

நானும் சிரித்துவிட்டேன். அதன்பின் அவருக்கு மட்டும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதில்லை.

நவம்பரின் இரண்டாவது செவ்வாய். இரண்டு இருபத்தொன்பதுக்கு மைன்டர்ட் வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார். குனிந்து ஷூ நாடாவை நிதானமாகக் கட்டினார். மிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"அசந்து தூங்குறாங்க. பாவம், எழுப்பாதீங்க."

"சரிங்க. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். அவருக்காக வாசல் கதவையும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆள் மூன்று மணிக்குத்தான். உருளைக்கிழங்கு உரித்தேன். அவள் தூங்கட்டும் என்று தண்ணீர்க் குழாயைக்கூடச் சிறிதாகத் திறந்தேன். இரண்டு ஐம்பதுக்கு எழுப்பப் போனேன். கை பழக்கத்தில் இரண்டு முறை தட்டியது.

குரல் வரவில்லை.

நாலாக மடித்த துண்டு ஃபென்னாவின் முகத்தின் மேல் இருந்தது. எடுத்தேன். கழுத்தில் விரல் பதிந்திருந்தது. மூச்சு நூலாக இழுத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே மைன்டர்டை அவர் அலுவலகத்தில் பிடித்தார்கள். மறுபேச்சுப் பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாராம்.

காவல்துறைப் பெண் என்னை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"அவர் எப்ப வெளிய வந்தார்?"

"ரெண்டு இருபத்தொன்பது."

"நீங்க எப்ப உள்ள போனீங்க?"

"ரெண்டு அம்பது."

இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். கழித்துப் பார்க்கவில்லை. மருத்துவர் கழித்துச் சொன்னார்: "கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா, மூளைக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது."

ஃபென்னா பதினோரு நாள் உயிரோடு இருந்தாள். பார்வையாளருக்கு அரை மணி நேரம். முடியப்போகிறது என்பதற்கு நர்ஸ் கதவைத் தட்டுவார். தட்டிய ஒவ்வொரு முறையும் நான் ஃபென்னாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.