அன்வரி தின்ற பாதி

சித்திரை மாதத்து மத்தியானத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களை ஆம்பூரில் யாரும் பார்த்திருக்க முடியாது. வஜீதா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தாறு. ஒரு வருஷத்துக்குள் முகம் ஊதி, கண்ணிமைகள் தடித்து, குரல் கரகரத்துப் போயிருந்தது. தலை வாரினால் முடி கொத்தாய்ச் சீப்போடு வந்தது. சாப்பிடுவது கொஞ்சம்தான், உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதற்காகப் பேச ஆரம்பித்தோம் என்று மறந்துபோய் அப்படியே நின்றுவிடுவாள்.

அவள் கணவன் மக்பூல் அகமது மாட்டுத் தோலைப் பதனிட்டு மதராஸுக்கு அனுப்பும் வியாபாரி. சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் போய்க்கொண்டே இருந்தது. அவனும் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. முதலில் அவன் இதைச் சோம்பல் என்றே நினைத்தான். பிறகு ஹக்கீமிடம் காட்டினான். அவர் நாடி பார்த்து, கபம் ஜாஸ்தி என்று லேகியம் கொடுத்தார். தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் ஏறிட்டுப் பார்த்த கணத்திலேயே சோகை என்றார். அவர் கொடுத்த இரும்புத் தண்ணீரால் பல் கறுத்ததுதான் மிச்சம்.

வீட்டில் சமையல் அன்வரி பேகத்தின் கையில் இருந்தது. மக்பூலுடைய அண்ணன் காலராவில் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி அன்வரி தாய் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. குழந்தையும் இல்லை. அதிகம் பேசாத பெண். வஜீதா அவளை அண்ணி முறையில் பாபி என்று கூப்பிடுவாள்.

பக்கத்து வீட்டு ஹலீமா பீ ஒருநாள் வஜீதாவின் காதோரம் வந்து உட்கார்ந்தாள்.

"உன் பாபி ஏன் அம்மா ஊட்டுக்குப் போவல, யோசிச்சியா?"

"போவ மனசில்ல போல."

"நீ கண்ணை மூடினா மக்பூல் யாரை நிக்கா பண்ணுவான்? வெளியில போய்த் தேடுவானா?"

வஜீதா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆனால் அன்று இரவுச் சோறு அவளுக்குக் கசந்தது.

பேரணாம்பட்டுப் பக்கம் மருந்து எடுக்கிற கிழவி ஒருத்தி இருந்தாள். வயிற்றுக்குள் வைத்த மருந்தைக் குழல் போட்டு உறிஞ்சி எடுப்பவள். கணவன் மதராஸில் இருந்த நாளில் ஹலீமா பீ வஜீதாவை மாட்டுவண்டியில் அங்கே கூட்டிப்போனாள். கிழவி தொப்புளில் குழலை வைத்து உறிஞ்சினாள். வாயிலிருந்து மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை இலையில் துப்பினாள்.

"சோத்துல வெச்சிருக்காங்க. கூட இருக்கிற கைதான்."

அன்றிலிருந்து அன்வரி வைத்த எதையும் வஜீதா தொடவில்லை. கடை ரொட்டியையும் வெல்லத்தையும் முந்தானையில் முடிந்து வைத்துத் தின்றாள். அன்வரி ஒருமுறை, "குழம்பு புடிக்கலியா?" என்று கேட்டாள். "பசியில்ல" என்றாள் வஜீதா. அன்வரியின் கண் அந்த முந்தானை முடிச்சில் கொஞ்ச நேரம் நின்றது.

கிழவி மருந்தை எடுத்தும் குளிர் போகவில்லை. ஆடி மாதத்தில் வஜீதா கிணற்றங்கரையில் மயங்கி விழுந்தாள். ஊர் திரும்பியிருந்த மக்பூல் பயந்துபோய் அவளை ரயிலில் வேலூருக்குக் கூட்டிப்போனான். பொம்பளைகளுக்கென்று மிஷன்காரர்கள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குள் ஆண்கள் போக முடியாது. அதனால் துணைக்கு அன்வரியும் வந்தாள்.

வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குத் தமிழ் நன்றாக வந்தது. அவர் வஜீதாவின் புருவத்தைத் தடவிப் பார்த்தார். பாதிப் புருவம் உதிர்ந்திருந்தது. காலை அழுத்திப் பார்த்தார். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தில் விரல் வைத்தார்.

"எல்லாரும் வெயில்ல வேர்க்கும்போது உனக்குக் குளிருதா?"

அதை யாரும் அதுவரை அவளிடம் கேட்டதில்லை. வஜீதாவுக்கு அழுகை வந்தது.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்குது. உனக்கு அது வேலை செய்யலன்னு சந்தேகப்படறேன். சந்தேகம்தான். சோதிச்சுப் பார்க்க ஒரே வழி, மருந்து சாப்பிடறது. குணம் தெரிஞ்சா என் சந்தேகம் சரி."

மாத்திரை சீமையிலிருந்து வர வேண்டும். சண்டையில் கப்பல்கள் சரியாக வரவில்லை. மாத்திரை வரும்வரை ஆட்டின் கழுத்திலுள்ள அதே சுரப்பியை வாரத்துக்கு இரண்டு முறை லேசாக வதக்கிச் சாப்பிடலாம் என்றார். வெளியே நின்ற மக்பூல் இதை அன்வரி வந்து சொல்லக் கேட்டு, "நம்ம ஊரு கறிக்கடையில ஹலாலா அறுத்ததுன்னா சரி" என்றான்.

டாக்டரம்மா ஓர் ஆட்டுக் கழுத்தை வரவழைத்து அறுத்துக் காட்டினார். குரல்வளையின் இரண்டு பக்கமும் அந்தச் சுரப்பி அவரைக்கொட்டை மாதிரி சிவப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சமைக்கிறது யாரு?"

"நான்" என்றாள் அன்வரி. கிட்டே குனிந்து பார்த்துக்கொண்டாள்.

எந்தக் கையிலிருந்து வஜீதா தப்பித்துக்கொண்டிருந்தாளோ அந்தக் கையாலேயே மருந்து வரப்போகிறது. அதுவும் இதுவரை ருசி தெரியாத கறி. அதில் எதைக் கலந்தாலும் அவளால் கண்டுபிடிக்க முடியாது.

முதல் தடவை தட்டு வந்தபோது அவள் கேட்டாள்.

"பாபி, நீங்க சாப்பிடுங்க, பார்க்கறேன்."

அன்வரி ஒரு துண்டை எடுத்தாள்.

"அது வேணாம்." அவள் எடுத்த துண்டு மட்டும் சுத்தமாய் இருக்கலாமே என்று வஜீதா நினைத்தாள். கத்தியை வாங்கித் தானே ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்டினாள். பாதியை அன்வரியின் பக்கம் தள்ளினாள். "இதைச் சாப்பிடுங்க."

அன்வரி அவளைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள். கால் மணி நேரம் கழித்துத்தான் வஜீதா தன் பாதியை வாயில் போட்டாள். அதுவே வழக்கமாயிற்று.

ஒரு மாதம் கழித்து வேலூர் போனபோது டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். கொஞ்சம் குணம் தெரிகிறது, ஆனால் போதாது என்றார். இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடச் சொன்னார்.

அதற்குப் பிறகு வஜீதாவின் உடம்பு நன்றாகவே திரும்பத் தொடங்கியது. வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் கம்பளி இல்லாமலே எழுந்து உட்கார்ந்திருந்ததை மக்பூல்தான் கவனித்துச் சொன்னான். ஆனால் அன்வரி இளைத்துக்கொண்டே போனாள். அரிசி களையும்போது கை நடுங்கியது. ரவிக்கை எந்நேரமும் வேர்வையில் நனைந்திருந்தது. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள்.

"பார்த்தியா" என்றாள் ஹலீமா பீ. "உனக்கு வெச்சது அவளையே புடிச்சிக்கிச்சு."

வஜீதா அதை நம்பினாள். விஷம் இருக்கிறது, தனக்கு உடம்பு தாங்குகிறது, அவளுக்குத் தாங்கவில்லை. இதை ஆஸ்பத்திரியில் வைத்தே உடைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். அடுத்த முறை டாக்டரம்மா முன்னால் நின்று, அன்வரியைக் கைகாட்டிச் சொன்னாள்.

"அம்மா, இவங்களும் அதைச் சாப்பிடறாங்க. இவங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுது? அதுல இன்னா கலக்கறாங்கன்னு கேளுங்க."

டாக்டரம்மா அன்வரியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

"எவ்வளவு நாளா சாப்பிடறே?"

"மொதல்லேர்ந்து. பாதி."

"நல்ல உடம்புக்கு இதுதான் விஷம். நெஞ்சு இப்படியே அடிச்சா தாங்காது. உன்னை யாரு சாப்பிடச் சொன்னது?"

அன்வரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லட்டும் என்று வஜீதா காத்திருந்தாள். அவள் சொல்லவே போவதில்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. நீ பாதிதான் சாப்பிடுகிறாய் என்று தெரியாமல்தான் அளவைக் கூட்டினேன் என்று மட்டும் சொன்னார். அந்தக் கறியை அன்வரி இனிமேல் நாக்கில் வைக்கவும் கூடாது என்றார். இனி முழுத் தட்டும் வஜீதாவுக்கே என்பதால் அளவைக் குறைத்தார்.

திரும்பும் ரயிலில் பொம்பளைகள் பெட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குடியாத்தம் தாண்டிய பிறகு வஜீதா கேட்டாள்.

"உடம்பு கெடறது தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீங்க பாபி?"

"நான் நிறுத்தினா நீயும் நிறுத்திடுவே. அப்புறம் நீ செத்தா, நான்தான் கொன்னேன்னு ஊரு சொல்லும். மக்பூலும் நம்புவான். எனக்குப் போக வேற ஊடு இல்ல."

வஜீதா தலைகுனிந்தாள்.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றாள் அன்வரி. "மொத நாள் நீ கத்தி வாங்கி வெட்டினே பாரு. அன்னிக்கு எனக்கு நெசமாவே தோணிச்சு, எதுனா வெச்சிடலாமான்னு."

வஜீதா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் மறைப்பு ஏதும் இல்லை. இத்தனை நாளும் அன்வரி ஒன்றும் சொல்லாததால்தான் சந்தேகம் வளர்ந்தது. இப்போது இதைச் சொன்னபிறகு, அந்தக் கையால் சாப்பிடலாம் என்று வஜீதாவுக்குத் தோன்றியது.

"நீங்க நெனச்சதுல தப்பில்ல பாபி" என்றாள்.

அன்வரியின் நெஞ்சுத் துடிப்பு அடங்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அவளை அடுப்பண்டை விடாமல் வஜீதாவே சமைத்தாள். தான் தட்டில் வைத்த சோற்றை அன்வரி முதல் நாள் வெகுநேரம் தொடாமல் உட்கார்ந்திருந்ததை வஜீதா பார்த்தாள். பக்கத்தில் அதே சோற்றைத் தன் தட்டிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவள் பிசைந்து சாப்பிடத் தொடங்கும்வரை தான் முதலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.